ஒரே வண்டிக்கு இரண்டு மதிப்பெண்

மதிப்பெண் போடுகிறவனுக்குத் தானே தராசு என்ற நினைப்பு வந்துவிட்டால் அப்புறம் அவனைக் கடவுளாலும் காப்பாற்ற முடியாது. எனக்கு அந்த நினைப்பு 1986-இல் வந்தது. பொதுவாக எனக்குத் தேதிகள் மறப்பதில்லை. (எங்கள் வட்டாரத்தில் எந்தச் சாலைக்கு எப்போது தார் போட்டார்கள் என்று கேட்டுப் பாருங்கள், சொல்வேன். யாரும் கேட்பதில்லை.) அந்த நாளின் நாட்குறிப்பில் மட்டும் ‘மழை’ என்று எழுதி நிறுத்தியிருக்கிறேன். அதற்கு மேல் எழுதக் கை வரவில்லை போலிருக்கிறது.

மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் ஒரு தொழிற்பள்ளியில் பொறியியல் வடிவமைப்புப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். இறுதியாண்டு மாணவர்கள் ஆளுக்கொரு தள்ளுவண்டி வடிவமைத்துச் செய்துவர வேண்டும். எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றினால், வாய்க்கால் மேல் போட்ட ஒற்றைப் பலகையில் அது கவிழாமல் போக வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தெரிந்த சங்கதிதான்.

அதற்கு முந்தைய ஆண்டு நானும் சக ஆசிரியர் சலீமும் ஒரே வேலைக்கு ஏணி வைத்தாலும் எட்டாத இரு மதிப்பெண்களைப் போட்டதில், பெற்றோர் சண்டைக்கு வந்திருந்தார்கள். “இந்த ஆண்டு அப்படி நடக்கக் கூடாது” என்றார் மலாய்க்காரரான தலைமையாசிரியர். நான் எழுந்து நின்றேன். எல்லா வண்டிகளையும் நான் ஒருவனே திருத்துவேன், பெயருக்குப் பதில் எண் அட்டை கட்டுவோம், வண்டியையும் நானே தள்ளிப் பார்ப்பேன், மாணவர் யாரும் அருகில் வரக் கூடாது என்றேன். ஒரே ஆள், ஒரே அளவுகோல்!

“மெஷின் வந்திருச்சுலா. நமக்கு வேல மிச்சம்” என்றார் சலீம்.

மாணவர்களில் காளியப்பன் என்று ஒருவன். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் அவனுக்குப் பயிற்சி இடம் காத்திருந்தது. இந்தப் பாடத்தில் ஐம்பது எடுத்துத் தேறினால்தான் கிடைக்கும். அவன் இருந்த அதே தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்த முத்து அவனுடைய உயிர் நண்பன். வண்டிகளைக் கொண்டுவந்த லோரி வளைவில் குலுங்கியதில் முத்துவின் வண்டி சாலையில் விழுந்து விறகாகிவிட்டது. இது எனக்குத் தெரியாது.

நேரந்தவறாமல் தொடங்க வேண்டும் என்ற வெறியில் அன்று நான் பால் விடாத கோப்பி ஓ கூடக் குடிக்காமல் வந்திருந்தேன். காலை முழுவதும் குலையை ஏற்றுவதும் தள்ளுவதும் இறக்குவதுமாக இடுப்பு விட்டுப்போயிற்று. கடைசியாக ஒரு சிவப்பு வண்டி. நாற்பத்தொன்று போட்டுவிட்டு, பட்டியலில் மிச்சமிருந்த ஒரே எண்ணைச் சாப்பிட்டு வந்து பார்க்கலாம் என்று சலீமின் மோட்டார் சைக்கிளில் தஞ்சோங் காராங்குக்குப் போனேன். அங்கே அவருடைய மாமா வைத்திருந்த கடையில் ஆட்டுக்கறி பிரியாணி சாப்பிட்டோம். (இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன். அது கதைக்கு முக்கியம்.)

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பட்டறைக்குப் பின்னால் நடந்ததைப் பிறகு கேள்விப்பட்டேன்.

“டேய், என் வண்டியத்தான் பாத்து முடிச்சாச்சே. நீ எடுத்துக்கடா. நீல பெயிண்ட அடிச்சு ஒன் நம்பர கட்டிட்டா கண்ணாடிக்குத் தெரியவா போவுது?” என்றிருக்கிறான் காளியப்பன். (கண்ணாடி நான்தான்.)

மழையோடு திரும்பி வந்தேன். வயிறு நிறைந்திருந்தது, உலகமும் நல்லதாகத் தெரிந்தது. நீல வண்டி ஒன்று பளபளவென்று நின்றது. தள்ளினேன். உள்ளங்கை நீலமாயிற்று. மழை ஈரத்தில் சாயம் கரைகிறது என்று எண்ணிச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுபத்தாறு போட்டேன்.

இரண்டு நாள் கழித்து மண்டபத்தில் தலைமையாசிரியர் எண்களோடு பெயர்களைச் சேர்த்து வாசித்தார். முத்து, எழுபத்தாறு. காளியப்பன், நாற்பத்தொன்று. காளியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். முத்து எழுந்துவிட்டான்.

“சார், அந்த எழுபத்தாறு இவனோடது சார்.”

“வாய மூடுறா. ஒனக்கும் போயிரும்” என்று காளியப்பன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

“போவட்டும்டா! நீ ரவாங் போவ வேணாமா?”

நீல வண்டியை உள்ளே கொண்டுவரச் சொன்னார்கள். சலீம் ஒரு திருப்புளியால் லேசாகச் சுரண்டினார். அடியில் சிவப்பு.

தலைமையாசிரியர் என் குறிப்புகள் இரண்டையும் உரக்க வாசித்தார். காலையில் எழுதியது: “சக்கரம் அளவுக்கு மீறி முன்னால் இருக்கிறது. சிந்தனைக் குறைவு.” பிற்பகலில் எழுதியது: “சக்கரத்தைத் துணிந்து முன்னால் வைத்திருக்கிறார். சிறந்த சிந்தனை.”

முதலில் சிரித்தது சலீம். பிறகு யார் சிரிக்கவில்லை என்று எண்ணுவதுதான் சுலபம். நான் சட்டையில் துவைத்தும் போகாமலிருந்த நீலக் கறையைக் கையால் மறைத்துக்கொண்டு நின்றேன்.

“இரண்டு பேர் திருத்தினால் வித்தியாசம் வருகிறது என்றீர்கள், சிக்கு” என்றார் தலைமையாசிரியர், மலாயில், வாத்தியாரை விளிக்கும் சொல்லோடு, மிக மரியாதையாக. “ஒருவர் திருத்தியே வந்துவிட்டதே.”

மறுநாள் நானும் சலீமும் சேர்ந்து உட்கார்ந்தோம், இருவருமே பசியாறிவிட்டு. வண்டி வண்டியாகப் பார்க்கவில்லை. முதலில் எல்லா வண்டிகளின் சக்கரத்தையும், அடுத்து எல்லாவற்றின் கைப்பிடியையும், பிறகு பாரம் ஏற்றியும் பார்த்தோம். தனித்தனியே எழுதி, ஒத்துப்போகாத இடத்தில் மறுபடி பலகை மேல் தள்ளினோம். காளியப்பனின் வண்டிக்கு அவர் ஐம்பத்தேழு, நான் ஐம்பத்தைந்து. நிமிர்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அவ்வளவு நெருங்கி வருவோம் என்று இருவருமே எதிர்பார்க்கவில்லை.

காளியப்பன் ரவாங் போனான். முத்துவுக்குப் புது வண்டி செய்ய ஒரு வாரத் தவணையும் நிறையத் திட்டும் கிடைத்தன. அவனும் சொந்த வண்டியிலேயே தேறினான்.

இதை என் மனைவியிடம் நான் சொல்லவில்லை. சலீம் எங்கள் கல்யாண விருந்திலேயே சொல்லிவிட்டார். அதன்பின் எங்கள் வீட்டில் ரிப்போர்ட் கார்டு வரும் நாட்களில் பிள்ளைகள் வாசலிலேயே நின்று, “ம்மா, அப்பா சாப்ட்டாச்சா?” என்று குரல் கொடுத்த பிறகுதான் உள்ளே வருவார்கள். “இன்னும் இல்ல” என்று பதில் வந்தால் கார்டு பையைவிட்டு வெளியே வராது.

போன வாரம் பாலர் பள்ளியில் படிக்கும் பேத்தி, தான் வரைந்த யானையைக் காட்ட வந்தாள். ஒரு கையில் படம், மறு கையில் வடை. வடைதான் முதலில் நீண்டது.