அழிரப்பர் ரீச்சரின் கைப்பை

யுத்த காலத்து மட்டக்களப்பில் எங்கள் கைப்பைகளைக் கிளறிப் பார்க்கும் அதிகாரம் இரண்டே தரப்புக்குத்தான் இருந்தது. ஒன்று இராணுவம், மற்றது அழிரப்பர் ரீச்சர். இராணுவமாவது பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தது.

ரீச்சருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். யாரும் அதைப் பாவிக்கவில்லை. நாவற்குடாவில் ஒரு ரியூட்டரியின் மேல்மாடியில், வேலைக்குப் போகிறவர்களுக்காகச் சனிக்கிழமைகளில் சித்திர வகுப்பு நடத்தினார். எங்களைவிடப் பெரிய மூப்பும் இல்லை. ஆனாலும் வாசலில் கையை நீட்டிக்கொண்டு அவர் நிற்கும் நிற்பில் அரசாங்க உத்தியோகத்தர்களான நாங்கள் நடுங்குவோம். அழிரப்பரைக் கொடுத்தால்தான் உள்ளே போகலாம். கச்சேரியில், அதாவது அரசாங்க அதிபரின் கந்தோரில், கிளார்க்காக இருந்த நான் ஒருமுறை கொண்டைக்குள் ஒளித்தேன்; கொண்டையின் கனத்தைப் பார்த்தே பிடித்துவிட்டார். தபால்கந்தோர் அண்ணர் ஒருவர் சோற்றுப் பார்சலுக்குள் வைத்துக் கொண்டுவந்து, சோறும் பறிபோய்த் திரும்பினார். வாலில் ரப்பர் வைத்த பென்சிலென்றால் பிளேட்டால் ஒரே வெட்டு. பறித்ததெல்லாம் அவருடைய கறுப்புக் கைப்பைக்குள் போகும். திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

"பிழையா வந்த கோட்ட அழிச்சா அந்தப் பிழை எங்க போகும்? அடுத்த படத்துக்குள்ள வந்து நிக்கும். அத வெச்சே கீறுங்க!" இதுதான் ரீச்சரின் சித்தாந்தம்.

தபால்கந்தோர் அண்ணர் ஒரு எருமை கீறினார். எப்படியோ அதற்கு ஐந்து கால் வந்துவிட்டது.

"ரீச்சர், இந்த ஒரு காலுக்கு மட்டும் ரப்பரத் தாங்க ரீச்சர்" என்று கெஞ்சினார்.

"என்னத்துக்கு? அது கொக்குட கால். மேல கொக்கக் கீறுங்க."

கொக்கு வந்தது. எருமைக்குப் பக்கத்தில் ஒற்றைக்காலில் நின்றது. படம் நன்றாகவும் இருந்தது என்பதுதான் எங்களுக்கு எரிச்சல். ரீச்சர் அதைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, "கிடக்கட்டும்" என்றார். அவருடைய அகராதியில் பாராட்டுக்கு இருந்தது அந்த ஒரே சொல். எனக்கு அதுவரை அது கிடைத்ததே இல்லை. அதற்காக நான் ஏங்கினேன் என்பதை இப்போது வெட்கமில்லாமல் சொல்லலாம்.

ஒரு சனிக்கிழமை வாவிக்கரையில் எங்களை இருத்தி, பாலத்தைக் கீறச் சொல்லிவிட்டு, மிச்சப் பேரைப் பார்க்க ரியூட்டரிக்குப் போனார். கண்ணில் படுவதெல்லாம் கடதாசியில் வரவேண்டும் என்பது கட்டளை. பாலத்தின் முகப்பில் ஆமிக்காரரின் சென்றி, மணல்மூட்டை அடுக்கிய காவலரண், இருந்தது. புத்தியுள்ளவர்கள் அதை விட்டுவிட்டுத் தண்ணீரையும் தோணியையும் கீறினார்கள். நான் மணல்மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கீறி, மேலால் நீட்டியிருந்த துவக்கின் குழல்வாய்க்கு நிழலும் போட்டேன்.

அந்தத் துவக்குக்குச் சொந்தக்காரர் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

சென்றிக்குள் கொண்டுபோய் இருத்தினார்கள். அங்கிருந்த ஆமிப் பெரியவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது மெப். யாருக்குக் குடுக்க?" என்று, என் படத்தை வரைபடமாக்கிக் கேட்டார். விசாரிக்கவென்று கூட்டிப்போனவர்களில் சிலர் வீடு திரும்பாத காலம் அது. எனக்குக் கால் இரண்டும் எருமையின் ஐந்தாவது கால் மாதிரி ஆகிவிட்டன, உடம்போடு ஒட்டவேயில்லை.

தபால்கந்தோர் அண்ணர் ஓடிப்போய்ச் சொல்ல, ரீச்சர் சைக்கிளில் பறந்து வந்தார். அழுது மன்றாடுவார் என்று பார்த்தேன். படத்தை வாங்கிப் பார்த்ததும் அவருக்கு வந்தது கோபம்.

"சேர், இதா மெப்? இந்தப் பாலத்தப் பாருங்க. ஒரு பக்கம் சரிஞ்சு வாவிக்குள்ள போகுது. இத நம்பி வாறவன் நேரா தண்ணிக்குள்ளதான் விழுவான்!"

பெரியவர் படத்தைப் பார்த்தார், வெளியே பாலத்தைப் பார்த்தார். மற்ற ஆமிக்காரரும் எட்டிப் பார்த்துத் தலையாட்டினார்கள். விடுதலை கைக்கெட்டும் தூரத்தில் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து என் வாய் சும்மா இருக்கவில்லை.

"பாலம் நல்லாத்தானே ரீச்சர் வந்திரிக்கி!"

"வாயப் பொத்துங்க புள்ள!"

பெரியவர் என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு விரலை வைத்தார். "பாலம் சரியில்ல. சென்றி சரி. இது இல்லாமப் பண்ணு, போ."

அழிக்க வேண்டும். சென்றியில் துவக்கு இருந்தது, ரப்பர் இல்லை. ரீச்சர் கைப்பையைத் திறந்து மேசையில் கவிழ்த்தார். வெள்ளை, பச்சை, வாசனை ரப்பர், கடிபட்ட ரப்பர், பென்சில்களின் வெட்டுண்ட தலைகள் எல்லாம் உருண்டன. பெரியவர் கதிரையோடு பின்னால் போனார்.

அதில் ஒன்றை எடுத்து ரீச்சரே குனிந்து அழித்தார். பாலத்தில் படாமல், மூட்டை மூட்டையாக. அவர் அழித்து நான் கண்டது அந்த ஒருமுறைதான். தூளை ஊதிவிட்டுப் படத்தை என்னிடம் தந்தார்.

வெளியே வந்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு என்னோடு நடந்தார். எங்கள் சந்தி வந்ததும் என் முகத்தைப் பார்க்காமல், "பாலம்... கிடக்கட்டும்" என்றார்.

இப்போது நான் கொழும்பிலிருந்து இணையத்தில் ஒரு சித்திரக்கதைத் தொடர் போடுகிறேன். கதாநாயகன் ஐந்து கால் எருமை. முதல் வாசகி ரீச்சர்தான். வால் சரியில்லை, கொம்பு சரியில்லை என்று ஒவ்வொரு வாரமும் ரெலிபோன் கோல் வரும். போன வாரம், கம்பியூட்டரில் கீறும்போது பிழைத்தால் என்ன செய்வது என்று கேட்டார். வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"கீறுற பலகையில ஒரு பட்டன் இரிக்கி ரீச்சர். அமத்தினா கடைசிக் கோடு போயிரும்."

ரீச்சர் உடனே தீர்ப்புச் சொன்னார்.

"ஊருக்கு வரக்குள்ள அந்தப் பட்டனக் கழட்டிக் கொண்டு வாங்க புள்ள."

கழற்றிவிட்டேன். பலகையில் அந்த இடம் பொத்தலாகக் கிடக்கிறது. பட்டனைக் கடதாசியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்திருக்கிறேன், வாசலில் அவர் கையை நீட்டும்போது கொடுப்பதற்கு.