ஜெயம்மாவின் ரவிக்கையும் என் கழுத்துக் கட்டியும்

எனக்கு எழுபத்திரண்டு வயது. பெற்றது மூன்று, கொழுந்தனார் பிள்ளைகள் இரண்டு; எல்லாரையும் வளர்த்து ஆளாக்கினேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஆனால் ஊருக்கு யோசனை சொல்வதில் நான் குறை வைத்ததே இல்லை.

அந்த வருஷம் மைசூரில் எங்கள் தெருவிலேயே நான்தான் ஒல்லி. வேளைக்கு மூன்று ராகிக் களி உருண்டை, மேலே நெய். அப்படித் தின்றும் இளைத்தேன். வேர்த்துக் கொட்டியது, நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது. (சுறுசுறுப்பு என்றே நினைத்தேன்!)

பக்கத்து வீட்டு ஜெயம்மாவுக்கு மகள் கல்யாணத்தில் தன் கல்யாண ரவிக்கையையே போட்டுக்கொள்ள ஆசை. அதுவோ ஏற மறுத்தது.

"நீங்க மட்டும் எப்புடிக்கா இளைச்சீங்க?"

"வயிறு முட்டத் தின்னு கண்ணு. களியை நெய்யில முக்கி அப்புடியே முழுங்கு. மெல்லாதே, மென்னா பலன் போயிரும்."

பாவம், முழுங்கினாள். கொஞ்ச நாளில், "ரவிக்கை இன்னும் இறுகுதேக்கா!" என்றாள்.

"உள்ள இருக்கற கொழுப்பு வெளிய கிளம்புது. வுட்ராதே."

தையல்காரர் உள்மடிப்பெல்லாம் பிரித்துக் கொடுக்க, கல்யாணத்தன்று ஒருவழியாக ஏற்றினோம். மணமேடையில் தாரை வார்க்க ஜெயம்மா செம்பைத் தூக்கினாள். அக்குளில் டர்ரென்று தையல் விட்டது. நான் ஊக்கோடு பாய்ந்தேன். கை நடுங்கிய நடுக்கத்தில் ஊக்கு ரவிக்கையை விட்டுவிட்டு ஜெயம்மாவின் விலாவில் இறங்கியது.

"அய்யப்பா!"

செம்புத் தண்ணீர் மொத்தமும் மாப்பிள்ளை மடியில்.

மாப்பிள்ளையின் அத்தை டாக்டர். திட்டத்தான் வந்தார், என் கையைப் பிடித்தவர் விடவில்லை.

"அஜ்ஜி, எச்சில் முழுங்குங்க." (கன்னடத்தில் பாட்டிக்கு அஜ்ஜி.)

முழுங்கினேன். கழுத்தில் ஒரு வீக்கம் ஏறி இறங்கியதை மண்டபமே பார்த்தது.

பரிசோதனையில் தெரிந்தது: தைராய்டில் கட்டி. யாரையும் கேட்காமல் தன் இஷ்டத்துக்கு ஹார்மோனைச் சுரந்து, நான் தின்றதையெல்லாம் எரித்திருக்கிறது. புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டிருந்தால் இருதயம் கெட்டிருக்குமாம்.

ஜெயம்மா என்னோடு பேசவேயில்லை. வைத்தியம் முடிந்து நான் வீடு வந்த அன்றுதான் வாசலில் வந்து நின்றாள்.

"அப்ப நீங்க இளைச்சது களியால இல்லியா?"

"கட்டியால கண்ணு."

"அதை முன்னாடியே எனக்கும் கொஞ்சம் குடுத்திருக்கலாமில்ல!"

சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இப்போது நானும் அவள் பருமன்தான். இன்றைக்கும் எங்கள் வீட்டில் நான் யோசனை சொல்ல வாயைத் திறந்தால், சின்னது பெரியது எல்லாம், "முதல்ல எச்சில் முழுங்கிக் காட்டுங்க" என்கின்றன.

பேத்தி அனு கண்ணு, பாட்டி எழுதின இதை எல்லாருக்கும் படிச்சுக் காட்டு. மெதுவா படி, ஜெயம்மா வீட்டு சன்னல் தொறந்திருக்கு.