ஒன்பது மணி நேரம்

மனிதன் பறக்கக் கற்றது ஒரு சாதனையே அல்ல. விமானமே இல்லாத ஊருக்கு அவனைப் போய்ச் சேரவைத்ததுதான் சாதனை. அதைச் செய்தது எங்கள் அலுவலகம்.

உலகின் எந்த இரண்டு விமான நிலையங்களைச் சொன்னாலும், தூரத்தையும் 'பயண நேரத்தையும்' எங்கள் இணையதளம் உடனே சொல்லிவிடும். தூரத்தை விமானத்தின் வேகத்தால் வகுப்போம், அவ்வளவுதான். அந்த வழியில் விமானம் போகிறதா என்று பார்ப்பது எங்கள் இலாகா அல்ல. புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கூட்டத்தில் அதைக் கேட்டே விட்டாள்.

"நாம தூரத்தைத்தாம்மா சொல்றோம். துயரத்தை இல்ல" என்றார் மேலாளர். கைதட்டினோம்.

இரண்டு ஊர்களையும் மஞ்சள் வளைகோட்டால் இணைத்து, அதன்மேல் குட்டி விமானத்தை ஓடவிட்டவர் எங்கள் வரைகலைக்காரர். அவருக்குப் பெயரே 'வளைகோடு' என்றாகிவிட்டது. அந்த விமானத்தைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் அவரே அதை நம்பத் தொடங்கிவிட்டார். எப்பேர்ப்பட்ட விசுவாசம்!

ஒருநாள் ஊரிலிருந்து அவருடைய அக்கா கூப்பிட்டார். "டேய், அம்மாவுக்கு ரொம்ப முடியலடா. உன்னையேதான் கேக்கறாங்க. எப்ப வருவே?"

வளைகோடு திரையைத் தட்டினார். குட்டி விமானம் ஜம்மென்று பறந்தது.

"ஒன்பது மணி நேரம்க்கா. அம்மாகிட்ட சொல்லிடு."

எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. போட்டது போட்டபடி டிக்கெட் அலுவலகத்துக்கு ஓடினார். துணைக்கு நானும் போனேன்.

"நேரா போற விமானமா? அப்படி ஒண்ணு கிடையாதே சார்" என்றாள் டிக்கெட் போடும் பெண். "மூணு இடத்துல மாறணும். போய்ச் சேர ரெண்டு நாள் ஆயிடும்."

"எங்க வெப்சைட்ல ஒன்பது மணி நேரம்னு இருக்கே!"

"அப்ப அதுலயே ஏறிப் போயிடுங்க சார்."

தொழில் மரியாதை தெரியாத பெண். ஆனாலும் வளைகோடு மூன்று இடங்களில் மாறித்தான் போனார். போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து, வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

திரும்பி வந்ததும் முறைப்படி இரங்கல் கூட்டம் போட்டோம். மேலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கடைசி நேரம் எப்படிப்பா?" என்று விசாரித்தார்.

வளைகோடு தரையைப் பார்த்தபடியே சொன்னார். "ஒன்பது மணி நேரத்துல வந்துடுவான்னு அக்கா சொல்லிட்டா சார். அம்மா வாசலையே பாத்துட்டு, பல்லைக் கடிச்சு உயிரைப் பிடிச்சு வெச்சிருந்தாங்களாம். மணிக்கொரு தரம் நேரம் கேட்டாங்களாம். ஒன்பது மணி நேரம் ஆயிடுச்சுன்னு அக்கா சொன்னதும் கண்ணை மூடிட்டாங்களாம்."

மேலாளர்தான் முதலில் தேறினார்.

"பாத்தீங்களா, நம்ம கணக்கு ஒரு நிமிஷம் பிசகல!"

உண்மைதான். நாங்கள் அறிவித்த பயண நேரத்தை எந்த விமானமும் இதுவரை மதித்ததில்லை. மதித்தவர் அந்த அம்மா ஒருவர்தான்.