கீழிருந்து மேலாக

“கதை எப்படி இருக்கு?”

மனைவி கேட்ட கேள்வி சின்னதுதான். ஆனால் தலை நரைக்கும்வரை அச்சகத்தில் பிழை திருத்தியே காலம் தள்ளிய மனிதருக்கு அதைவிடக் கஷ்டமான கேள்வி உலகத்தில் இல்லை.

அவர் படிக்கிற முறை அப்படி. கதையில் மனசு போனால் கண் ஏமாந்துவிடும் என்று, எதையுமே கடைசி வரியில் ஆரம்பித்து மேல்நோக்கிப் படிப்பார். எத்தனையோ நாவல்களை ஓர் எழுத்து விடாமல் படித்தவர். அவற்றில் ஒன்றிலாவது யார் யாரைக் காதலித்தார்கள் என்று கேட்டால் திருதிருவென்று விழிப்பார்.

மனைவி முதன்முதலாக எழுதிய கதையையும் பழக்க தோஷத்தால் அப்படியே படித்துத் தொலைத்திருந்தார். அவளோ, “நல்லா இல்லைன்னா சொல்லிடுங்க. கிழிச்சுப் போட்டுட்டு இனிமே பேனாவையே தொடமாட்டேன்” என்று சொல்லித்தான் கொடுத்திருந்தாள்.

“பிரமாதம்!” என்றார்.

“என்ன பிரமாதம்?”

“ஒற்றுப்பிழை ஒண்ணுகூட இல்லை.”

அவள் முகம் வாடியது. உடனே ஒட்டுப் போட்டார். “அதை விடு. படிக்கப் படிக்கக் கண்ணு கலங்கிடுச்சு.”

“கலங்குச்சா? அது சிரிப்புக் கதைங்க.”

ஜன்னலோர மேசையில் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்த மச்சினி, “சிரிச்சுச் சிரிச்சுக் கலங்கியிருக்கும், இல்லையா அத்தான்?” என்று கை கொடுத்தாள்.

“அதேதான்! வயிறு புண்ணாயிடுச்சு.”

“எந்த இடத்துல?” என்றாள் மனைவி.

அவர் அவள் முகத்தைப் படிக்கப் பார்த்தார். மேலிருந்து கீழே வந்தாலும் சரி, கீழிருந்து மேலே போனாலும் சரி, ஒன்றும் பிடிபடவில்லை.

“அந்தக் கதாநாயகி பேசுற இடம்.”

“அவ வாயே திறக்கமாட்டா. பேசறதெல்லாம் அவ புருஷன்தான்.”

“அதைத்தான் சொல்றேன். பேசாமலே என்னமா பேசுறா!”

“சரி, அந்தப் புருஷன் எப்படி?”

“தங்கமான மனுஷன்.”

மச்சினிக்குத் திடீரென்று இருமல் வந்தது. அவருக்கு வேர்த்தது. முடிவைப் பாராட்டித் தப்பித்துவிடலாம். அதைத்தானே முதலில் படித்தோம்?

“எல்லாம் கிடக்கட்டும். அந்த முடிவு இருக்கே, யாராலயும் யோசிச்சிருக்க முடியாது!”

“நானே இன்னும் யோசிக்கலை. கடைசி அத்தியாயம் எழுதவே இல்லையே.”

“அதான்! முடிக்காம விட்டே பாரு, அதுதான் முடிவு!”

சொன்னவருக்கே வெட்கமாகிவிட்டது. மனைவி காகிதக் கட்டைக் கையில் எடுத்தாள். கிழித்துவிடப் போகிறாள் என்று பதறி, அவர் பாய்ந்து அதைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

“வேண்டாம்மா! எழுத்தெல்லாம் படிச்சேன், கதையைத்தான் படிக்கலை. நான் ஒரு தண்டம். கதையில பிழை இல்லை, படிச்ச ஆளுதான் பிழை. இரு, மேலேருந்து படிக்கிறேன், இப்பவே!”

அவள் தங்கையைத் திரும்பிப் பார்த்தாள்.

“எல்லாம் டைப் பண்ணிட்டேன் அக்கா, கடைசி அத்தியாயம் நீ நினைச்சதைவிட நல்லா வந்திருக்கு” என்றாள் மச்சினி. “அந்த ‘தண்டம்’ வர்ற இடத்தை மட்டும் அத்தான் இன்னொரு தரம் கொஞ்சம் மெதுவாச் சொன்னா போதும்.”