எச்சரிக்கைகளுக்கு நடுவே ஒரு பாட்டுப் புத்தகம்

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.

அன்பு மருமகன் ஜெறோமுக்கு, மாமன் கொன்ஸ்ரன்ரைன் எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் மாமி பிறிஜெற்றும் உயிரோடு இருக்கிறோம். நோர்வேக் குளிரில் நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க அந்தோனியாரை மன்றாடுகிறோம். இனி எனக்கு வந்த வினையைக் கேள்.

கோயில் பெருநாள் பாட்டுப் புத்தகத்தின் பிரதிகளைக் கறையான் தின்றுவிட்டது, நான் முன்பு கணினியில் அடித்து வைத்த கோப்போ இன்றைய எதிலும் திறக்காது என்று உன்னிடம் அழுதேன் அல்லவா? அந்தப் பழைய மென்பொருளை விற்ற கொம்பனி மூடப்பட்டாலும், யாரோ புண்ணியவான்கள் அதன் மூலநிரலை இணையத்தில் சும்மா போட்டிருக்கிறார்கள், "நீங்களே கொம்பைல் பண்ணுங்கோ மாமா, ஈசி" என்றாய். அந்த ஈசியை நம்பிப் புத்தகம் தயார் என்று பாதரிடம் சொன்னேன். அவர் பூசையில் அறிவித்துவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்குக் கொடுக்காவிட்டால், பெருநாளன்று சனமெல்லாம் வெறுங்கையோடு நின்று என்னைத்தான் திரும்பிப் பார்க்கும்.

மூலநிரல் என்றால் என்ன, கொம்பைல் என்றால் என்ன என்று மாமி கேட்டாள். விளக்கினேன். "அப்ப கொத்துரொட்டி கேட்டவனுக்கு மாவையும் முட்டையையும் தந்து நீயே கொத்து எண்டு சொல்றாங்களோ?" என்றாள். ஓம் என்றேன். "கொத்துற தகடும் தரேல்லையோ?" என்றாள். அதுவும் இல்லை. ஏனென்றால் அது முதலில் லைபிரரி என்று ஒரு துணைக் கோப்புக் கேட்டது; தேடிக் கொடுத்தால் அந்த லைபிரரி இன்னொரு லைபிரரி கேட்டது; அதையும் இறக்கினால் இது புதுசு, பழசுதான் வேண்டும் என்றது; பழசை வைத்தால் முதலாவது கோபித்துக்கொண்டது. நான் புதுக்கடை நீதிமன்றத்தடியில் சட்டத்தரணியிடம் கிளாக்கராகக் காலம் தள்ளியவன். அங்கேயும் ஒரு தாளுக்கு இன்னொரு தாள் கேட்பார்கள்தான், ஆனால் கேட்கிறவர் மத்தியானம் சாப்பிடப் போவார், நாமும் ஒரு பிளேன்ரீ குடிக்கலாம். இவன் சாப்பிடவே போகிறானில்லை.

ஒருவழியாகக் கொம்பைல் தொடங்கினால், திரையில் எச்சரிக்கை, எச்சரிக்கை என்று ஓடுகிறது. நீதவான் எச்சரித்த பிறகும் கவனியாமல் இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தவன் நான். ஆகவே ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் உடனே நிறுத்தி, மரியாதையாக விளக்கம் தேடி, திரும்ப முதலிலிருந்து தொடக்கினேன். அடுத்தது வந்தது. மூலநிரலைப் போட்டவர்களுக்கே "கனம் ஐயா" என்று விண்ணப்பம் அனுப்பினேன். இதற்கு ஏற்கெனவே பதில் சொல்லியாயிற்று என்று ஒரே வரியில் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.

எனக்கு அழுகை வருகிறது, ஜெறோம். மேல்வீட்டு ஹமீமாகூட மாமியிடம் "அங்கிளுக்குச் சுகமில்லையா?" என்று கேட்டிருக்கிறார். நாளைக்குப் பாதரிடம் போய்ப் பெருநாள் குழுவிலிருந்து விலகப் போகிறேன். கடைசியாக ஒருமுறை தொடக்கிவிட்டு, பார்க்கச் சகிக்காமல் கணினிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். மாமி படமெடுத்து வட்சப்பில் அனுப்புவாள். இனிமேல் எனக்கு நீ எந்த யோசனையும் சொல்ல வேண்டாம்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் நிறைந்த ஆசீர். உனக்கும் உண்டு, கொஞ்சம் குறைவாக.

இப்படிக்கு,
கொன்ஸ்ரன்ரைன் மாமா

பி.கு.: திரும்பிப் பார்த்தால் கொம்பைல் முடிந்திருக்கிறது. எச்சரிக்கைகள் வந்து, கவனிக்க ஆளில்லாமல் தாமாகவே போய்விட்டன. மேலே எழுதியதையெல்லாம் வாபஸ் வாங்குகிறேன், நான் விலகவில்லை. கோப்பும் திறந்தது. ஆனால் பாட்டு இருக்க வேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டங்கள். அந்தக் காலத்து எழுத்துரு வேண்டுமாம், அதுவும் மூலநிரலாகத்தான் கிடைக்குமாம். எங்கே இருக்கிறதென்று உடனே சொல். தொடக்கிவிட்டு, இந்தமுறை உன் அம்மாவுக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதுகிறேன்.