கொடுக்காத கடைக்கு நடந்து போன டம்ளர்கள்

திருவண்ணாமலையில் ஒரு டீயைக் குடிப்பதற்கு முன்னால் அந்த டீக்கடையின் எதிர்காலத்தை விசாரித்த மனிதர் ஒருவர்தான் உண்டு. ஊர் அவரை 'முப்பது வருஷம்' என்று அழைத்தது. பெற்றோர் வைத்த பெயர் ஒன்றும் இருந்தது. கல்லூரி அடையாள அட்டையில் அது அச்சாகியும் இருந்தது. அந்த அட்டையை அவர் தொலைத்துவிட்டதால் ஊர் வைத்த பெயரே நிலைத்தது.

நான் அப்போது ஒரு நாளிதழின் மாவட்ட நிருபர். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸுக்குப் பின்புறம் புதிதாக முளைத்த தெருவில் கீழ்வீடு எனக்கு, மாடி அவருக்கு. ஒரு தனியார் கல்லூரியில் மேலாண்மைப் பாடம் நடத்தினார். ஒப்பந்த வேலை. கூடவே முனைவர் பட்டத்துக்கு ஓர் ஆய்வு. வளரும் நாடுகளில் சிறு வியாபாரங்கள் மண்ணையும் தண்ணீரையும் கெடுக்காமல் லாபத்தோடு நீடித்து நிற்க முடியுமா என்பதே கேள்வி. நீடித்து என்றால் எவ்வளவு காலம்? அவர் கணக்கில் முப்பது வருஷம். அதற்குக் குறைந்த எதையும் அவர் எதிர்காலம் என்று ஒப்புக்கொண்டதில்லை.

வீடு பார்க்க வந்த அன்றே வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டார். மற்றவர்கள் வாடகையைக் கேட்பார்கள், கரண்ட் மீட்டர் தனியா என்று கேட்பார்கள். இவர் போர் மோட்டாரை ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டு, "முப்பது வருஷம் கழிச்சு இதுல தண்ணி இருக்குமாங்க?" என்றார்.

வீட்டுக்காரர் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அசரவில்லை. "நான் பதினோரு மாசத்துக்குத்தான் அக்ரிமென்ட் போடுவேன். அதுவரைக்கும் இருக்கும் சார்."

கீழ்பென்னாத்தூரில் எங்கள் பத்திரிகைப் புகைப்படக்காரரின் தங்கைக்குக் கல்யாணம். இவரும் வந்தார். மேடையேறி மணமக்களை வாழ்த்தினார். அதோடு இறங்கியிருக்கலாம். மாப்பிள்ளையிடம் என்ன தொழில் என்று கேட்டார். செல்போன் கடை என்றான் அவன்.

"முப்பது வருஷம் கழிச்சு செல்போன்னு ஒண்ணு இருக்குமான்னு யோசிச்சுப் பாத்தீங்களா?"

மாப்பிள்ளை யோசித்திருக்கவில்லை. அந்த நேரத்தில் அவன் யோசனை வேறாக இருந்திருக்கும். பெண்ணின் அப்பா வேர்க்கடலை வியாபாரி. என்னைக் கை கழுவும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். "இன்னா சார் இது, மாப்பிள்ளையப் பத்தி எதுனா தெரிஞ்சிதான் கேக்கறாரா? மறைக்காம சொல்லிடுங்க."

"இல்லீங்க, எல்லாரையும் இப்படித்தான் கேப்பாரு."

அவர் நம்பவில்லை. பந்தி முடிந்து வெற்றிலைத் தட்டுப் பக்கம் பார்த்தபோது அவர் முகம் தெளிந்திருந்தது. "என்னையும் கேட்டுட்டாருங்க," என்றார் நிம்மதியாக. "வேர்க்கடல இருக்குமான்றாரு."

இப்படி உலகத்தின் ஆயுளை அளந்தவரிடம் அவருடைய சொந்தப் பொருள் எதுவும் ஒரு மாதம் தாண்டியதில்லை. செருப்பைக் கோயில் வாசலில் விட்டுவிட்டு வேறு செருப்பில் வருவார். ஒருமுறை அப்படி வந்த இரண்டும் இடது கால் செருப்பு. வீடு வரும் வரை அவருக்குத் தெரியவில்லை. காஸ் தீர்ந்த பிறகுதான் சிலிண்டர் என்று ஒன்று இருப்பதே அவர் நினைவுக்கு வரும். அன்று என் அடுப்பில் ரவையைக் கிண்டியபடி, பூமியில் எரிபொருள் தீர்ந்துகொண்டு வருவதைப் பற்றிக் கவலைப்படுவார். உப்புமா அடிபிடிக்கும்.

ஆய்வில் மட்டும் அவர் வேறு மனிதர். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலைப் பக்கம் இருக்கும் டீக்கடைகளை எடுத்துக்கொண்டார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அங்கே பேப்பர் கப் மலைபோல் குவியும். பேப்பர் என்று பெயர்தானே தவிர, உள்ளே பிளாஸ்டிக் ஒட்டியிருக்கும், மக்காது. சீட்டுக் குலுக்கிப் பாதிக் கடைகளுக்கு எவர்சில்வர் டம்ளரும் கழுவ ஒரு தொட்டியும் கொடுத்தார். மீதிக் கடைகளுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஒரு வருஷம் கழித்து இரண்டு பக்கமும் குப்பை எவ்வளவு, செலவு எவ்வளவு, வியாபாரம் எப்படி என்று ஒப்பிட வேண்டும். வித்தியாசம் தெரிந்தால் பட்டம். பட்டம் வந்தால் கல்லூரியில் வேலை நிரந்தரம். வராவிட்டால் அந்த வருஷத்தோடு மூட்டை கட்ட வேண்டும். இதைக் கல்லூரி அவரிடம் தெளிவாகவே சொல்லியிருந்தது.

ஊர் இந்த ஏற்பாட்டைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டது. 'கொடுத்த கடை', 'கொடுக்காத கடை' என்று பெயரே விழுந்துவிட்டது. கஸ்தூரியின் கடை கொடுத்த கடை. அங்கிருந்து ஒரு வளைவு தாண்டினால் வள்ளியின் கடை. அது கொடுக்காத கடை. வள்ளி வேறு யாருமில்லை, கஸ்தூரி புருஷனின் தங்கை.

"எங்க அண்ணிக்கு மட்டும் டம்ளரு. நான் இன்னா சார் பாவம் பண்ணேன்?"

"சீட்டு அப்படி வுழுந்துச்சிம்மா. அவங்களோட ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு ஒரு கடை வேணும் இல்ல."

"அண்ணி வந்த நாள்லேர்ந்து எங்க வூட்ல என்ன அவங்களோட ஒப்பிட்டுத்தான் பாக்கறாங்க. நீங்களுமா சார்?"

கொடுக்காத கடையில் ஆய்வாளர் வாயைத் திறக்கக் கூடாது, பேப்பர் கப் கெட்டது என்று ஒரு வார்த்தை சொன்னாலும் ஆய்வு கெட்டுவிடும் என்பது விதி. அவர் சொல்லவில்லை. ஆனால் முகத்துக்கு விதி எதுவும் இல்லை. வள்ளி கொடுத்த பேப்பர் கப்பைக் கஷாயம் குடிப்பவர்போலப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"டீ நல்லா இல்லியா சார்?"

"நல்லா இருக்கும்மா."

"அப்பறம் ஏன் மூஞ்ச அப்படி வச்சிக்கினு இருக்கீங்க?"

"நான் ஒண்ணும் சொல்லக் கூடாதும்மா."

வள்ளிக்கு அது போதும். முதலில் பால்காரரை மாற்றினார். அடுத்து இஞ்சி தட்டிப் போட்டார். அதன்பின் ஏலக்காய். சார் முகம் மாறவில்லை. டீ மட்டும் அந்தப் பாதையிலேயே நல்ல டீ ஆகிவிட்டது.

ஆய்வு முடியும் நேரத்தில் அதை மதிப்பிடச் சென்னையிலிருந்து ஒரு மூத்த பேராசிரியை வருவதாகச் செய்தி வந்தது. பௌர்ணமி அன்றுதான் வருவேன், கூட்டத்தில்தான் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார். அப்போதுதான் ஒரு விஷயம் வெளிப்பட்டது. 'முப்பது வருஷம்' பௌர்ணமியில் ஒருநாள்கூட அந்தப் பக்கம் போனதில்லை.

"ஏன் சார்?" என்றேன்.

"அன்னைக்குத்தான் அவங்களுக்கு யாவாரம். நடுவுல போயி கேள்வி கேட்டா பாவம் இல்லையா?"

தொந்தரவு செய்யக் கூடாது என்று எப்போதும் கூட்டமில்லாத காலை நேரத்தில் போய், காலிப் பெஞ்சில் உட்கார்ந்து, பௌர்ணமி வியாபாரத்தைப் பற்றிக் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். மரியாதைக்குக் கொடுத்த விலை என்னவென்று, பேராசிரியை வருவதற்கு முந்தைய பௌர்ணமி சாயங்காலம் தெரிந்தது. கூட்டத்தைப் பற்றிச் செய்தி எழுத வேண்டியிருந்ததால் நானும் அவரோடு போனேன்.

கஸ்தூரி கடையில் எவர்சில்வர் பளபளத்தது. ஆய்வாளருக்குப் பெருமை தாங்கவில்லை. வளைவைத் தாண்டினோம். வள்ளி கடையில் அதைவிட அதிகமாகப் பளபளத்தது.

"எப்படிம்மா இங்க டம்ளர்?"

"நடந்து வந்துச்சி சார்."

வள்ளி டீ ஆற்றுவதை நிறுத்தாமலே விளக்கினார். பேப்பர் கப்போடு நடந்து பழகிய பக்தர்கள் எவர்சில்வர் டம்ளரோடும் நடந்தார்கள். மலையைப் பார்த்தபடி ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு வளைவு வந்து சேரும்போது டீ தீர்ந்திருக்கும். முதலில் கண்ணில் படும் பெஞ்சில் டம்ளரை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அது வள்ளியின் பெஞ்ச்.

"அண்ணி டம்ளரத் தூக்கிப் போட முடியுமா? கழுவி வப்பேன். கூட்டம் ஜாஸ்தியானா அதுலயே ஊத்திக் குடுப்பேன். அப்பால எங்க அண்ணன் மொபெட்ல மூட்ட கட்டி எடுத்துக்கினு போயி அண்ணி கடைல போடும். பேப்பர் கப்பு வாங்கறதே கம்மி ஆயிடுச்சி சார். நல்லதுதான?"

"எப்பத்துலேர்ந்து?"

"நீங்க குடுத்த மாசத்துலேர்ந்தே."

'முப்பது வருஷம்' சர்க்கரை மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "போச்சும்மா. கொடுத்த கடையும் கொடுக்காத கடையும் ஒண்ணாயிடுச்சி. வித்தியாசம் இல்லன்னா பட்டம் இல்ல, வேலையும் இல்ல." விதியெல்லாம் மறந்து அன்று முழுதாகச் சொன்னார். செய்தி கேட்டுக் கஸ்தூரியும் வந்துவிட்டார். இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"வித்தியாசம்தான சார் வேணும்?" என்றார் கஸ்தூரி. "நீங்க கவலப்படாதீங்க."

அடுத்த பௌர்ணமி. பேராசிரியை பருத்திப் புடவையும் கேன்வாஸ் ஷூவுமாக வந்து இறங்கினார். கஸ்தூரி கடை வாசலில் கஸ்தூரியின் புருஷன் ஒரு கம்போடு நின்றிருந்தார். "சாமி, இங்கியே நின்னு குடிச்சிட்டு டம்ளர வச்சிட்டுப் போங்க! அம்மா, டம்ளர்!" பக்தர்கள் நாக்கைச் சுட்டுக்கொண்டு அவசரமாகக் குடித்தார்கள். ஒரு டம்ளர்கூட எல்லையைத் தாண்டவில்லை. வளைவுக்கு அந்தப் பக்கம் வள்ளி கடையில் எவர்சில்வர் வாடையே இல்லை. அடுக்கடுக்காகப் பேப்பர் கப். மேடமுக்கும் அதில்தான் டீ.

"வித்தியாசம் பளிச்சுனு தெரியுது. நல்லா செஞ்சிருக்கீங்க," என்றார் பேராசிரியை.

ஒரு வருஷமாக அவர் கேட்க ஏங்கிய வாக்கியம் அது. வள்ளி எனக்குக் கண்ணைக் காட்டினார். ஆனால் 'முப்பது வருஷம்' மேடத்தைப் பார்க்கவில்லை. சாலை ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன பௌர்ணமியில் சுத்தமாக இருந்த வாய்க்காலில் பேப்பர் கப்புகள் மிதந்துகொண்டிருந்தன. பெஞ்சுக்கு அடியில் குனிந்தார். அங்கே ஒளித்து வைத்திருந்த கோணிப்பையை இழுத்தார். டம்ளர்கள் கலகலவென்று உருண்டன.

"மேடம், நீங்க பாக்கறது நிஜம் இல்ல."

எல்லாவற்றையும் சொன்னார். பேராசிரியை குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

"அப்படின்னா உங்க ஒப்பீடு செல்லாது. தெரியுமில்ல?"

"தெரியும் மேடம்."

வள்ளிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் சார், உங்களுக்காகத்தான இத்தினி கூத்து? அண்ணன் சாயங்காலத்துலேர்ந்து கம்பு புடிச்சிக்கினு நிக்குது!"

"எனக்காகத்தாம்மா செஞ்சீங்க. அதான் செல்லாது. டம்ளர எடுத்து வையிங்க. கூட்டம் வருது."

வள்ளி முறைத்துக்கொண்டே எடுத்து வைத்தார். மேடமுக்கு இன்னொரு டீ, இந்த முறை டம்ளரில். பேராசிரியை அதை வாங்கிக்கொண்டு, ஆய்வு எங்கே தவறியது, கடைகளைத் தள்ளித் தள்ளி எடுத்திருக்க வேண்டாமா என்று அவருக்கு விளக்கியபடி நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். அடுத்த கடை வந்தபோது டீ தீர்ந்திருந்தது. அதுவும் கொடுக்காத கடை. பேச்சை விடாமல் டம்ளரை அந்தக் கடைப் பெஞ்சில் வைத்தார். கடைக்காரர் எடுத்தார், கழுவினார், அதில் டீ ஊற்றி வேறொருவருக்குக் கொடுத்தார்.

மேடம் டம்ளரைப் பார்த்தார். வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்தார். 'ஒப்பீடு செல்லாது' என்று எழுதியதை மட்டும் மாற்றவில்லை.

கல்லூரி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. வேறு மாவட்டத்தில் ஒரு கல்லூரி எடுத்துக்கொண்டது. ஆய்வை முதலிலிருந்து தொடங்கப் போவதாகச் சொன்னார், வருத்தம் தெரியாமல். பஸ் ஸ்டாண்டுக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கண்டக்டரிடம், "முப்பது வருஷம் கழிச்சு இந்த ரூட்ல பஸ் இருக்குமாங்க?" என்றார்.

"மொதல்ல நீங்க ஏறுங்க சார். அப்பதான் இதுவே போவும்."

நானும் பிறகு சென்னைக்கு மாற்றலாகிவிட்டேன். சமீபத்தில் ஒரு பௌர்ணமிக்குப் போயிருந்தேன். கஸ்தூரி கடையிலிருந்து கண்ணுக்கு எட்டிய கடைவரை எல்லாவற்றிலும் எவர்சில்வர். கொடுத்தது எது, கொடுக்காதது எது என்று யாருக்கும் நினைவில்லை. கடைக்காரர்களே சேர்ந்து இன்னும் நிறைய டம்ளர் வாங்கியிருக்கிறார்கள். விளிம்புக்குக் கீழே பெயர் வெட்டியிருந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். 'முப்பது வருஷம்.'

"தேரடி வீதில பாத்திரக் கடக்காரரு யார் பேர வெட்டறதுன்னு கேட்டாரு," என்றார் கஸ்தூரி. "சார் பேரு எங்களுக்கு எங்க தெரியும்? தெரிஞ்சத வெட்டச் சொல்லிட்டோம்."

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பக்தர் எட்டிப் பார்த்தார். "முப்பது வருஷம் கேரண்டியாக்கா?"

"ஆமா சாமி," என்றார் கஸ்தூரி, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

எனக்கு அவருடைய நிஜப் பெயர் தெரியும். சொல்லத் தோன்றவில்லை. டம்ளரோடு வளைவுவரை நடந்து வள்ளியின் பெஞ்சில் வைத்தேன். முப்பது வருஷம் கழித்து அந்தக் கடைகள் இருக்குமா, தெரியாது. இருந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு வந்து ஒரு டீ வாங்கித் தர வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது, அவர் காலில் இருப்பது அவருடைய செருப்புதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.