தம்மாமுக்கு ஒரு வாய்ப்பாட்டுக் கேசட்

மேலப்பாளையம்,
12-8-1994

கண்ணியமிக்க மச்சான் முகம்மது இப்ராஹிம் அவர்களுக்கு, மைத்துனன் அசன் மைதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நான், என் உடன்பிறந்த லாத்தா சித்தி ஜனாபா, உங்கள் மகள் ஃபஹ்மிதா ஆகிய மூவரும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். என் மைக் செட்டில் ஒரு குழாய்க்கு மட்டும் தொண்டை சரியில்லை. அங்கே சவூதி தம்மாமில் தாங்களும் தங்கள் ரூம்காரர்களும் வெயிலுக்குத் தப்பி நலமாக இருக்க துஆச் செய்கிறோம்.

இத்துடன் வரும் கேசட்டைப் போடுவதற்கு முன் இந்தக் கடிதத்தை முழுக்கப் படிக்கவும். ரூமில் ஆள் இருக்கும்போது போடவே வேண்டாம்.

போன மாதம் டெலிபோனில் நீங்கள் "ஏழேழு எத்தனைமா?" என்று கேட்டதற்குப் பிள்ளை வாயே திறக்காமல் நின்றது உண்மைதான். அதற்காக நீங்கள் எழுதிய கடிதம் இருக்கிறதே, அதை லாத்தா மூன்று நாள் தலையணைக்கு அடியில் வைத்து அழுதாள். இரண்டிலிருந்து பதினாறு வரை பிள்ளை ஒப்பித்து ஒரு மாதத்துக்குள் கேசட் வர வேண்டும், வராவிட்டால் லீவு போட்டு நீங்களே நேரில் வந்து அவளைக் கொடைக்கானல் ஹாஸ்டலில் கொண்டு சேர்ப்பீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். மச்சான், எனக்குக் கல்யாணமும் இல்லை, பிள்ளையும் இல்லை. கடையைச் சாத்திவிட்டு வரும்போது வாசலில் நின்று "மாமா, என்ன வாங்கிட்டு வந்திய?" என்று கேட்க அவள் ஒருத்திதான். அவள் கொடைக்கானல் போய்விட்டால் நான் யாருக்கு முட்டாய் வாங்குவது? ஆகவே நானே வாத்தியாராக இறங்கினேன்.

இருபத்தைந்து நாள் பாடுபட்டேன். ஆறாம் வாய்ப்பாடு வரை ஆற்றுத் தண்ணீர் மாதிரி ஓடும். ஏழேழு வந்ததும் நின்று மேலே பார்ப்பாள். கெஞ்சினேன், அல்வா வாங்கிக் கொடுத்தேன், கால்வாயில் குளிக்கும்போது சொல்லச் சொன்னேன், முங்கியவள் எழவே மாட்டேன் என்றாள். வீட்டில் டேப் ரிக்கார்டரில் பதிந்து பார்த்தால் லாத்தா பீடி இலை வெட்டுகிற கத்தரிச் சத்தமும் பக்கத்து வீட்டு ஆடும்தான் தெளிவாக விழுந்திருந்தன. கேசட் கொண்டுபோகும் ஆளோ சனிக்கிழமை விமானம் ஏறுகிறார். நேற்று நூகு காக்கா மகள் கல்யாணம், மைக் செட் என்னுடையது. சரி, அங்கேயே ஓர் அறையைச் சாத்திக்கொண்டு நல்ல மைக்கில் பதிந்துவிடலாம் என்று பிள்ளையைக் கூட்டிப் போனேன். காதில் ஹெட்ஃபோன் மாட்டினேன், வெளிக்குழாய்களை அணைக்கிற திருகைத் திருகினேன். நான் திருகியது வேறு திருகு என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆகவே மச்சான், உங்கள் மகள் "ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு" என்று ஆரம்பித்தது மாடியில் ஒன்று, டீக்கடை முக்கில் ஒன்று, கால்வாய் பக்கம் ஒன்று என்று மூன்று குழாயிலும் முழங்கியிருக்கிறது. வழக்கம்போல ஏழேழில் நின்றாள். நான் கையைக் காட்டுகிறேன், காலைக் காட்டுகிறேன், அவள் மேலே பார்க்கிறாள். அப்போது ஹெட்ஃபோனையும் மீறித் தெருவே ஒரே குரலில் "நாப்பத்தொம்பது!" என்றது. நான் ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தேன். அந்தப் பதற்றத்தில் பிள்ளை "எட்டேழு அம்பத்தாறு" என்று சொன்னதை நான் "தப்பு! அம்பத்திநாலு!" என்று மைக்கில் அதட்டிவிட்டேன். டீக்கடையிலிருந்து ஒரு குரல், "ஏலே அசன், புள்ளையக் கெடுக்காதலே! நீ போய் மூணாங்கிளாஸ்ல உக்காருலே!" கேசட்டில் அதுவும் இருக்கிறது.

இதற்குள் பின்கட்டில் நெய்ச்சோறு ஆக்கிக்கொண்டிருந்த பண்டாரி, படி எண்ணித் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், "ஆறேழு நாப்பத்திரண்டு" என்று கேட்டதும் தான் எண்ணியிருந்த அறுபதை விட்டுவிட்டு நாற்பத்துமூன்று, நாற்பத்துநாலு என்று தொடர்ந்திருக்கிறார். நெய்ச்சோறு கஞ்சியாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் அதைக் கிண்ணத்தில் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "ஒங்க ஊர்ல கல்யாணத்துக்கு இப்படித்தானா?" என்று மரியாதையாகக் கேட்டார்கள். நூகு காக்கா கரண்டியைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி வந்தார்.

அவருக்கு முன்னால் அறைக்குள் வந்தது பிள்ளையின் லில்லி டீச்சர். கல்யாணத்துக்கு வந்தவர், கையில் பரிசுப் பொட்டலத்தோடு நின்று, "என்ன மைதீன், பதினாறு வரைக்கும் கிளாஸ்ல மத்த பிள்ளையளுக்கு இவதான சொல்லிக் குடுக்கா! ஒங்க கிட்ட வந்தா மட்டும் ஏன் நிக்கா?" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "ஃபஹ்மிதா, சொல்லு" என்று ஒரே ஒரு வார்த்தை. அவ்வளவுதான். ஏழிலிருந்து பதினாறு பதினாறு இருநூற்றி ஐம்பத்தாறு வரை மூச்சு விடாமல் சொன்னாள். தெரு கை தட்டியது. நூகு காக்கா கரண்டியை இடுக்கிக்கொண்டு அவரும் தட்டினார். முடித்ததும் பிள்ளை ஓவென்று அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நானும் கூட அழுதேன்.

ஆகவே மச்சான், உங்கள் மகள் தேறிவிட்டாள். சாட்சிக்குக் கேசட் இருக்கிறது, டீச்சர் இருக்கிறார், தெரு முழுக்க இருக்கிறது. ஹாஸ்டல் பேச்சை இத்தோடு விட்டுவிடுங்கள். லீவு போட்டு அலைய வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். லாத்தாவின் சலாமும் பிள்ளையின் முத்தமும் என் மரியாதையும் தங்களை வந்தடையட்டும். வல்ல அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஆயுளும் நிறைந்த பரக்கத்தும் தருவானாக.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்
அசன் மைதீன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் இதைப் பிள்ளைக்குப் படித்துக் காட்டினேன். எல்லாவற்றுக்கும் சிரித்தவள், கடைசியில், "இதப் படிச்சா வாப்பா வருவாகளா, வரமாட்டாகளா?" என்றாள். "எதுக்கு வரணும்? நீதான் பாஸாயிட்டியே" என்றேன். "அதுக்குத்தான மாமா நான் ஏழேழுல நின்னேன். வாப்பா வந்து மூணு வருசமாச்சுல்லா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மச்சான், கேசட்டை உறையிலிருந்து எடுத்துவிட்டேன். மேலே எழுதியிருப்பது அத்தனையும் பொய். டீச்சர் வரவில்லை, தெருவும் கேட்கவில்லை. பிள்ளைக்கு ஒரு மண்ணும் தெரியாது. நிலைமை மிக மோசம், உடனே லீவு போட்டுப் புறப்பட்டு வரவும். ஈரெண்டு எத்தனை என்று இப்போதுதான் கேட்டேன், ஐந்து என்கிறாள்.